முதல் ஊசி யார் விரலில்?

1997-ல் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்தில், பேர் பெற்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சேர்ந்த அன்று சாயங்காலம் லேப் பையன் வந்து ரத்தம் எடுத்தான். சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்த குரூப் என்று விரல் மடக்கிச் சொன்னான். அவன் எடுத்துப்போன சீட்டில் நாலாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் தாய்மாமா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார், மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் இல்லையாம்ப்பா, நெகட்டிவ்தானாம்" என்றார்.

"என்ன மாமா நெகட்டிவ்?"

"அதான்... அந்த எய்ட்ஸ் டெஸ்ட்டு. கம்பவுண்டர் சொன்னாரு."

என் ரத்தத்தில் என்ன தேடினார்கள், என்ன கிடைத்தது என்பது எனக்குத் தெரியும் முன்பே மாமாவுக்குத் தெரிந்திருந்தது. மாமாவிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து சித்திக்கு. வழியில் "நெகட்டிவ்" உதிர்ந்துபோய் "டெஸ்ட்" மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. "எதுக்கு அந்த டெஸ்ட்டெல்லாம் எடுத்தாங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். கத்தி வைக்கும் முன்னால் எல்லாருக்கும் சொல்லாமலே எடுத்துவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஒன்றும் இல்லை என்று வந்த எனக்கே இந்தக் கதி. இருக்கிறது என்று வந்தவர்களுக்கு ஆபரேஷனே நடக்காமல், கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளிய நாட்கள் அவை. அப்படித் தள்ளப்பட்டவர்களில் சிலரைப் பிற்பாடு சந்தித்தேன். அதிலிருந்துதான் இந்தப் பரிசோதனையின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க என் குறை சின்னதாகிவிட்டது. என்னைக் கேட்காமல் ஒரு தடவைதான் எடுத்தார்கள். கேட்காமலே எடுத்து, கணக்கில் எழுதி, அடைத்தும் வைத்த காலம் ஒன்று இருந்தது. அதிலும் முதலில் யாருக்கு எடுத்தார்கள் என்று பார்த்தால், ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்ணுக்குத்தான்.

பால்வினை நோய்க்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. மேகம், வெட்டை, கிரந்தி, அரையாப்பு. கப்பலில் வந்தவர்களோடு வந்தது என்று ஊர் முடிவு கட்டிய புண்ணுக்குப் பறங்கிப்புண் என்றே பெயர். அதற்குக் கொடுத்த மருந்து பறங்கிப்பட்டை. சித்த வைத்தியர் நாடி பிடிப்பார், சிறுநீரை வாங்கி நீர்க்குறி, நெய்க்குறி பார்ப்பார், புண்ணைப் பார்ப்பார். பார்த்தது அவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும். பாதரசம் கலந்த மருந்தில் பல் ஆடிப்போனவர்கள் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு. அந்த வைத்தியத்தை நான் போற்றவில்லை. நோயாளியே நடந்து போய் வாசலில் நின்றார் என்ற ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அது தலைகீழாயிற்று. கம்பெனியின் சிப்பாய்கள் சண்டையில் விழுந்ததைவிட நோயில் படுத்தது அதிகம் என்று கவலை வந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில், நோய் கண்ட பெண்களை அடைத்து வைத்து வைத்தியம் பார்க்கும் லாக் ஹாஸ்பிடல்கள் வந்துவிட்டன. பரங்கிமலை, திருச்சி, பிற்பாடு வெல்லிங்டன் என்று பட்டாளம் இருந்த இடமெல்லாம் ஒன்று. 1864-ல் கன்டோன்மென்ட் சட்டம், 1868-ல் தொற்று நோய்ச் சட்டம். தாசி, வேசி என்று அதிகாரி எழுதிக்கொண்ட பெண் பெயரைப் பதிய வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், குறித்த நாளில் போய்ப் பரிசோதனைக்குப் படுக்க வேண்டும். நோய் இருந்தால் குணமாகும் வரை வெளியே வர முடியாது. வராதவளைத் தேடிப் போலீஸ் போகும். பெயர் பதியச் சொன்னதும், சீட்டு வாங்கச் சொன்னதும், அடைத்து வைத்ததும் அவளைத்தான். அவளிடம் போன சிப்பாயின் பெயர் அந்தச் சட்டத்தின் பதிவேட்டில் ஏறவில்லை. நோய் இரண்டு பேர் சம்பந்தப்பட்டது என்பது அன்றைய வைத்தியனுக்குத் தெரியாததா என்ன? இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் பல வருடம் போராடியதில் அங்கே 1886-லும், இங்கே 1888-லும் இந்தச் சட்டங்கள் விலக்கப்பட்டன. பரங்கிமலை ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றிருக்கக்கூடிய ஒருத்தியை நினைத்துக்கொள்வேன்.

அடுத்து வந்தது நுண்ணோக்கியின் காலம். இதில் சென்னைக்குச் சொந்தப் பெருமை உண்டு. 1905-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சார்லஸ் டோனவன், ஒரு வகை ஆறாத புண்ணிலிருந்து எடுத்த திசுவில் நோய்க்கிருமியின் அடையாளத்தைக் கண்டார். இன்றும் உலகம் அதை அவர் பெயரால்தான் சொல்கிறது. அதே ஆண்டு ஜெர்மனியில் கிரந்திக்கு, அதாவது சிபிலிஸுக்கு, காரணமான சுருள் கிருமி பிடிபட்டது. மறு ஆண்டு வாசர்மன் ரத்தப் பரிசோதனை. அதைச் செய்ய ஆட்டின் சிவப்பணு வேண்டும், கினிப்பன்றியின் சீரம் வேண்டும், பிற்பாடு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த சாரமும் வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் ரத்தத்தைப் படிக்க இத்தனை மிருகங்களின் தயவு. 1946-ல் வி.டி.ஆர்.எல். வந்து அந்தப் பாட்டைக் குறைத்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு மருந்து, சிறிது குலுக்கல், நுண்ணோக்கியில் திரள்கிறதா என்று ஒரு பார்வை. பெனிசிலினும் அதே பத்தாண்டில் வந்தது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே ஒரு நிலையம் வளர்ந்தது. அதை வளர்த்த ஆர்.வி. ராஜம், பி.என். ரங்கையாவோடு சேர்ந்து, டோனவன் கண்ட அந்த நோயைப் பற்றி எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-ல் வெளியிட்டது. உலகத்துக்கே பாடம் சொன்ன இடம். ஆனாலும் நம் ஆட்கள் அதன் வாசலைத் தாண்ட யோசித்தார்கள். ஓ.பி. சீட்டில் பால்வினை நோய் என்பதற்கு அடையாளமாக "எஸ்.டி." என்று எழுதியிருப்பதை வரிசையில் பின்னால் நிற்பவன் படித்துவிடுவானே!

அந்த வெட்கத்தின் மேல்தான் இன்னொரு தொழில் தழைத்தது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்களில் "ரகசிய நோய்களுக்கு" என்று தொடங்கும் நோட்டீஸ்கள். எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் எந்த அறையில் வைத்தியர் இருப்பார் என்று பத்திரிகையில் விளம்பரம். லாட்ஜ் அறையில் ரத்தமும் எடுப்பதில்லை, நுண்ணோக்கியும் இல்லை. முகத்தைப் பார்த்தே "முத்திப்போச்சு" என்பார்கள், ஆயிரக்கணக்கில் லேகியம் விற்பார்கள். கம்பவுண்டரிடம் போனால் எதுவும் கேட்காமல் ஊசி. பரிசோதனையே இல்லாத இந்த வைத்தியத்துக்கு ஆண்கள் நகை விற்றுக்கூடச் செலவு செய்தார்கள். இலவசமாகவும் சரியாகவும் பார்த்த அரசு வாசலுக்கு வரவில்லை. வீட்டில் மனைவிக்கு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று இருந்தால் "சூடு" என்று முடிந்தது.

1985-ன் கடைசி. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, இது மேல்நாட்டு நோய் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவிடம், உங்கள் ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 32 வயது நிர்மலா, ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த அமைதியான பெண். மும்பையைப் போல சென்னையில் சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியே இல்லை. யாரை எங்கே தேடுவது? பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பாலியல் தொழிலாளர்களிடம் பேசிப் பழகினார். அவர்கள் மூலம், போலீசில் பிடிபடும் பெண்களை வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போனார். கையுறை கிடையாது. 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். ஆய்வுக்கூட வசதி போதாமல், மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். எலைசா பரிசோதனை வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஓர் இரவு ரயிலில், ஐஸ் பெட்டியோடு நிர்மலாவும் கணவரும் கிளம்பினார்கள். சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகின, தொற்று இருப்பதற்கு அடையாளம். அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்ததில் அதுவே உறுதியாயிற்று. நாட்டில் முதன்முதலாக எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இப்படித்தான்.

அந்த இரண்டு பெண்களின் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த ஐஸ் பெட்டி கிளம்பாமல் இருந்திருந்தால் நாம் இன்னும் எத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டிருப்போமோ. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களுக்கு, எதைத் தேடுகிறார்கள் என்பது தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். நிர்மலாவே பின்னாளில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. முடிவு வந்தபின் அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததுதான் கொடுமை. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைக் காப்பகத்திலிருந்து காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. லாக் ஹாஸ்பிடல் சட்டம் செத்து நூறு வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் வந்த விளம்பரக் காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும், பேனரெங்கும் ஒரே கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? டீக்கடையில் வாய்விட்டுப் பேசாத விஷயத்தை ஒரு கற்பனைப் பெயர் பேச வைத்தது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பேட்டைகளில் பிரசாரம். தமிழ்நாடு 1994-லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்திருந்தது. கர்ப்பிணிகளில் நூற்றில் ஒருவருக்கு மேல் தொற்று உள்ள மாநிலங்களின் பட்டியலில் நாமும் இருந்தோம்.

அந்த நூற்றில் ஒருவர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கர்ப்பிணிகளிடமிருந்துதான். ஆஸ்பத்திரிக்குத் தானாக வருகிறவர்கள், ரத்தம் எடுத்தால் மறுக்காதவர்கள். பிள்ளையைக் காப்பாற்ற அது தேவைதான். மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றில் நாற்பத்தைந்து வரை தொற்றும். மருந்து எடுத்தால் அது நூற்றில் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் வீட்டுக்குள் அது வேறு மாதிரி போய் இறங்கியது. திருச்செங்கோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண். கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வருவார். இவளுக்கு ஐந்தாம் மாதத்தில் எடுத்த ரத்தத்தில் தெரிந்தது. "எம் மவனுக்கு ஒண்ணுமில்ல, இவ கொண்டாந்ததுதான்" என்றார் மாமியார். அந்த மகனுக்கு யாரும் ரத்தம் எடுத்திருக்கவில்லை. எடுக்காத ரத்தத்தில் நோய் எப்படித் தெரியும்? முதலில் தெரிந்தவள் முதல் குற்றவாளி ஆனாள். கணவர் கடைசிவரை பரிசோதனைக்கு வரவில்லை. படுத்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். இப்படி எத்தனையோ வீடுகள். பரிசோதனை பெண்ணைக் காப்பாற்றியது, அதுவே அவளைத் தெருவிலும் நிறுத்தியது.

ஆண்கள் வராததற்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்து என்ன செய்ய? அன்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தது சாவுத் தேதி. கூட்டு மருந்து வெளிநாட்டில் இருந்தது, நம் ஊரில் பணக்காரர்களுக்கு மட்டும் இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எட்டு இடங்களில் ஏ.ஆர்.டி. என்கிற அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று தாம்பரம். ஒரு காலத்தில் காசநோய்க்காரர்கள் இருமிக் கிடந்த சானடோரியத்தில், தூக்கிவரப்பட்டவர்கள் சில மாதத்தில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். பரிசோதனையின் பொருளையே மாற்றியது அந்த மாத்திரைதான் என்பேன். எந்தப் பிரசாரத்தையும்விட, பக்கத்துத் தெருக்காரர் தேறி வேலைக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பது பெரியது. இன்று நாளுக்கு ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியே மற்றவருக்குப் பரவாது என்பதும் உறுதியாகிவிட்டது.

சட்டமும் மெதுவாக வந்து சேர்ந்தது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. அவரைக் கேட்காமல் முடிவை இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. என் தாய்மாமாவிடம் பேசிய கம்பவுண்டரை அன்று கேட்க ஆளில்லை. இன்று சட்டம் கேட்கும். ஆபரேஷனுக்கு முன் ஓசையில்லாமல் எடுக்கும் பழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. கையெழுத்து வாங்கும் பத்துப் பக்கத்துக்குள் ஒரு வரியாக அதையும் நுழைத்து விடுகிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம். இரண்டும் இலவசம். "எஸ்.டி." என்று எழுதிய சீட்டின் இடத்தில் இந்தப் பெயர்களை வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரல் நுனியில் ஒரு குத்து, அரை மணியில் முடிவு. சந்தேகம் என்றால் வேறு இரண்டு வகைக் கருவியிலும் பார்த்து உறுதி செய்த பிறகுதான் "இருக்கிறது" என்பார்கள். கர்ப்பிணிக்கு ஒரே அட்டையில் எச்.ஐ.வி.யும் கிரந்தியும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கூவாகம் திருவிழாவில் திருநங்கைகளுக்காக முகாம் போடுகிறார்கள். 1097-க்குப் போன் செய்தால் பெயர் கேட்காமல் பதில் சொல்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எச்.ஐ.வி.க்கும் கிரந்திக்கும் கிடைக்கும் இந்த மரியாதை கிளமிடியாவுக்கும் வெட்டை எனும் கொனோரியாவுக்கும் கிடைக்கவில்லை. அவற்றைச் சிறுநீரிலேயே கண்டுபிடிக்கும் நவீனப் பரிசோதனை தனியார் லேபில் உண்டு, விலைதான் கூலிக்காரர் கைக்கு எட்டாது. அரசு மையத்தில் பெரும்பாலும் அறிகுறியைக் கேட்டு மருந்துப் பொட்டலம் தருகிறார்கள். நீர் வடிந்தால் சாம்பல் நிறம், புண் என்றால் வெள்ளை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று ஏழு நிறம். லேப் இல்லாத ஊரில் இது நல்ல ஏற்பாடு, அதே நாளில் மருந்து உள்ளே போய்விடும். ஆனால் கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் வராது. அறிகுறி இல்லாதவளுக்கு எந்த நிறத்துப் பொட்டலம்? பல வருடம் கழித்துக் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றும்போது கருக்குழாய் அடைத்திருப்பது தெரியும். அப்போதும் முதல் ஸ்கேன் அவளுக்குத்தான்.

நகரத்து இளைஞர்கள் இப்போது போனில் பதிவு செய்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறான், முடிவு வாட்ஸப்பில் வருகிறது. வெட்கம் இல்லாமல் கேட்கிறார்கள், அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் திரையில் வந்து நிற்கும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் நாளிலிருந்து சில வாரம் போனால்தான் ரத்தத்தில் தெரியும், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடு என்று சொல்லவும் ஆளில்லை.

போன மாதம் நானே ஒரு நம்பிக்கை மையத்துக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். என் கையெழுத்தைப் போட்டு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஆலோசகர் நாற்பது வயதுப் பெண். கதவைச் சாத்தினார். எதைப் பார்க்கப் போகிறோம், எப்படித் தெரியும், இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நிதானமாகச் சொன்னார். "இப்ப வேணாம்னு தோணுனா போயிடலாம் சார், தப்பில்ல" என்றார். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்துக் கேட்ட அந்த வாக்கியத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஓர் இளம் ஜோடி வந்தது. பெண்ணின் கையில் பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு நம்பர் எழுதிய அட்டை, நாலு மாதம் இருக்கும். நர்ஸ் அவள் விரலில் குத்தி எடுத்துவிட்டு, கதவருகே நின்ற கணவனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் பாத்துக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்குக்கா?"

"அவங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். வண்டியை வெயிலில் விட்டிருக்கிறேன் என்று சொல்லி வெளியே போனான். பத்து நிமிடம் ஆயிற்று. நர்ஸ் அடுத்த பெயரை எடுக்கப் போனார். இனி வரமாட்டான் என்றே நினைத்தேன்.

ஒரு இளநீரோடு வந்தான். அவளிடம் கொடுத்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "எந்த விரலுக்கா?" என்று நீட்டினான்.